நாற்பத்து மூன்று நோலீன்கள்

மெரிலின் பைபஸ் என்பவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைத் திட்டிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அதைக் கடைசிக்கு வைத்தால் வழக்கம்போல நழுவிவிடுவேன். அவளுடைய ஆனர்ஸ் வருடம் பாழானதற்கு விதை போட்டவன் நான். தண்ணீர் ஊற்றியவனும் நானே.

என் பெயர் டேரல். எல்லோருக்கும் டாஸ். மெல்போர்னின் மேற்குப் பக்கத்தில் ஓர் ஓவியக் கல்லூரியில் பட்டறை என் பொறுப்பு. படங்களுக்குச் சட்டம் அடிப்பது, கண்காட்சிச் சுவருக்கு வெள்ளை அடிப்பது, பிள்ளைகள் ரம்பத்தில் விரலைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது என்று இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. பேராசிரியர்கள் வருகிறார்கள், போகிறார்கள். நான் மட்டும் அங்கேயே கிடப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

மெரில், நாங்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம், எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தேழு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தவள். மடிக்கிற இயந்திரம் வந்ததும் கையில் ஒரு தொகையையும் ஒரு பூங்கொத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புருஷன் கோலின் அதற்கு முன்பே வெயில் தேடி கேரவனை இழுத்துக்கொண்டு குவீன்ஸ்லாந்துக்குப் போனவன், அங்கே வெயிலோடு இன்னொருத்தியையும் கண்டுபிடித்துக்கொண்டான். "அவன் போனதுல ஒரு நல்லது, டாஸ். சாப்பாட்டு மேசை முழுசும் எனக்குன்னு ஆயிடுச்சு. எவ்வளவு பெரிய தாள் வேணும்னாலும் விரிக்கலாம்," என்பாள். பகுதி நேரமாக ஆறு வருடம் படித்து இளங்கலைப் பட்டம் வாங்கினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனர்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது அவளை விடவில்லை.

பட்டம் முடித்தவர்களில் நன்றாகச் செய்தவர்களை மட்டும் இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்வார்கள். அதுதான் ஆனர்ஸ். ஆளுக்கு ஒரு தடுப்பறை, ஒரு வழிகாட்டி, எண்ணாயிரம் வார்த்தையில் ஒரு கட்டுரை, நவம்பரில் தேர்வாளர்கள் வந்து பார்க்க ஒரு சுவர். இளங்கலையில் ஒருத்தி தன் அக்காவை வரைந்தால், அக்காவை வரைந்தாள், அவ்வளவுதான். ஆனர்ஸில் அதே அக்காவை அதே கரித்துண்டால் அதே தாளில் வரைந்தால் அதற்குப் பெயர் ஆய்வு. இந்த வித்தியாசம் என் மரமண்டையில் ஏறவில்லை.

பிப்ரவரியில், வகுப்பு தொடங்கிய முதல் வாரம், கையில் ஒரு படிவத்தோடும் மூக்கு நுனியில் கண்ணாடியோடும் மெரில் பட்டறைக்கு வந்தாள்.

"டாஸ், இதைக் கொஞ்சம் பாரேன். 'உங்கள் ஆய்வில் மனிதர்கள் பங்கேற்கிறார்களா?'ன்னு கேட்டிருக்கான். ஆமான்னு போட்டா நெறிமுறைக் குழுவுக்கு இன்னும் இருபது பக்கம் நிரப்பிக் கொடுக்கணுமாம். நோலீன் பங்கேற்கிறாளா?"

"நோலீன் உன் அக்காதானே?"

"ஆமா."

"அக்கா எப்படிம்மா பங்கேற்பாளர் ஆவா? அது ஊசி போட்டுப் பாக்குறவங்களுக்கும், கேள்வி கேட்டுப் பதிவு பண்றவங்களுக்கும். நீ கரியும் கையுமா உக்காரப் போறே. இல்லைன்னு போட்டுட்டு வா, டீ ஆறுது."

"எதுக்கும் ஃபிலிப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கவா?"

"அவங்களைக் கேட்டா அதுக்கு ஒரு கூட்டம் போடுவாங்க. அட, போடும்மா!"

போட்டாள். ஃபிலிப்பா அவளுடைய வழிகாட்டி. நல்ல மனுஷி, ஆனால் எப்போதும் ஓட்டத்தில் இருப்பவள். பதினொரு பேர் படிவத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். நாங்கள் டீ குடித்தோம்.

நோலீனுக்கு எழுபது வயது. முதலில் நடுக்குவாதம், பிறகு மறதி. வெரிபீ பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். அதற்கு முன் முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூட உணவுக் கடையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள். மெரில் செவ்வாயும் வெள்ளியும் ரயில் பிடித்துப் போவாள். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பலகை, பிஸ்கட் டப்பாவில் கரித்துண்டுகள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரைந்துவிட்டு, கறுத்த கையை அக்காவிடம் காட்டிவிட்டு வருவாள். அந்தக் கையைப் பார்த்தால் நோலீன் சிரிப்பாளாம். மற்ற எதற்கும் சிரிப்பதில்லையாம்.

"முப்பது வருஷம் அந்தக் கடை ஜன்னல்ல நின்னா, டாஸ். ஆயிரக்கணக்கான பிள்ளைங்க. ஒருத்தனாவது அவ மூஞ்சியைப் பாத்திருப்பானா? ரொட்டியைத்தான் பாத்திருப்பான். நானே பாத்ததில்ல. இப்பதான் பாக்குறேன். அவளுக்கு இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு, அறுபது வருஷம் எனக்குத் தெரியாது, பாத்துக்க."

படங்களை நான் பார்த்தேன். எனக்குச் சட்டம் அடிக்கத்தான் தெரியும், கலை தெரியாது என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அது சும்மா. இருபத்திரண்டு வருடம் நல்லதையும் குப்பையையும் சுவரில் மாட்டியவனுக்குத் தெரியாமல் போகுமா? அந்தப் படங்கள் நல்லவை. தூங்குகிற நோலீன், வாய் ஓரம் எச்சில் வழிகிற நோலீன், யாரோ கூப்பிட்டதுபோல் கதவைப் பார்க்கிற நோலீன். ஆகஸ்டுக்குள் நாற்பத்து மூன்று ஆகிவிட்டன.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நவம்பரில் அந்த நாற்பத்து மூன்றும் சுவரில் தொங்க வேண்டும். திறப்பு நாளன்று நோலீனைச் சக்கர நாற்காலியோடு கூட்டி வந்து நடுவில் நிறுத்த வேண்டும். சக்கர நாற்காலி ஏறுகிற டாக்சிக்கு ஆகஸ்டிலேயே சொல்லி வைத்துவிட்டாள்.

"அவளுக்குத்தான் ஒண்ணும் புரியாதே, மெரில்," என்றேன்.

"புரியலன்னா என்ன? வர்றவங்களுக்குப் புரியட்டும். அவ சுவத்துலயும் இருப்பா, நாற்காலியிலயும் இருப்பா. ரெண்டு பக்கமும் பாத்தே ஆகணும். ஒயின் கிளாசை வெச்சுக்கிட்டு எங்க ஓடுவாங்க?"

அந்தப் படிவத் தப்பை எட்டு மாதம் யாரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் எங்கள் விமர்சன வட்டம். மாதம் ஒருமுறை எல்லோரும் ஒருவர் தடுப்பறையில் கூடுவார்கள். வரைந்தவர் வாயே திறக்கக்கூடாது, மற்றவர்கள்தான் பேச வேண்டும். பேசுவதும் படத்தைப் பற்றி மட்டும். ஆளைப் பற்றிக் கேட்பது அநாகரிகம். ஏப்ரலில் மெரிலின் முறை வந்தபோது நானும் பின்னால் நின்றிருந்தேன். கோட்டின் அழுத்தம் பற்றி ஒருவன் பேசினான். வெற்றிடம் பற்றி ஒருத்தி பேசினாள். இன்னொருத்தி பேச வாயெடுத்து, அழுதுவிட்டு, மன்னிப்புக் கேட்டாள். ஒரு மணி நேரம் இப்படி. படத்தில் படுத்திருக்கும் கிழவி யார், அவளிடம் கேட்டாயா என்று ஒரு வாய் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும்.

செப்டம்பரில்தான் கேட்டார்கள். தேர்வுக்கு முன் ஒரு மதிப்பீடு உண்டு, அதற்கு வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தாள். படங்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. உங்க நெறிமுறை அனுமதி எண் என்ன? குறிப்புல எழுதணும்."

மெரில் ஃபிலிப்பாவைப் பார்த்தாள். ஃபிலிப்பா முகத்தில் ஈயாடவில்லை. ஏணிமேல் விளக்கு மாற்றிக்கொண்டிருந்த நான் பாதி திருகிய விளக்கை அப்படியே விட்டேன்.

அடுத்த நாளே நெறிமுறைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. தன் சம்மதத்தைத் தானே சொல்ல முடியாத ஒரு நோயாளியை வைத்து, அனுமதி இல்லாமல் எட்டு மாதம் ஆய்வு நடந்திருக்கிறது. நடந்து முடிந்ததற்குப் முன்தேதியிட்டு அனுமதி தர விதி இல்லை. படங்களைக் காட்டவும் கூடாது, தேர்வுக்கு வைக்கவும் கூடாது. விரும்பினால் முறையாக விண்ணப்பித்து அடுத்த வருடம் புதிதாகத் தொடங்கலாம்.

"அடுத்த வருஷமா?" என்றாள் மெரில். "டாக்டர் கிறிஸ்துமசைத் தாண்டினாலே பெருசுன்னு சொல்லியிருக்காரு."

விதியைத் திட்டுவது சுலபம். நானும் ஊரெல்லாம் கேட்கத் திட்டினேன். ஆனால் அது தப்பான விதி என்று சொல்ல மாட்டேன். பேச முடியாத கிழவியின் எச்சில் வழிகிற வாயை யார் வேண்டுமானாலும் வரைந்து மாட்டலாமா? ஒருவராவது அவள் சார்பில் கேட்க வேண்டாமா? மெரில் அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டாள். அதுதான் அவளை அரித்தது.

"நான் அவளைக் கேக்கவே இல்ல, டாஸ். கேட்டாலும் அவளால சொல்ல முடியாது. ஆனா நான் கேக்கணும்னுகூட நெனைக்கலையே!"

ஃபிலிப்பா ஓடியாடி ஒரு வழி கண்டுபிடித்தாள். நோலீனுக்குப் பதில் முடிவெடுக்கும் உரிமை அவள் மகன் ஷேனுக்கு. ஷேன் ஜீலாங் பக்கம் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன், நல்ல பையன், நாற்பது வயது. அவன் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்தான். குழுவைக் கூட்டி, இது தெரியாமல் நடந்த பிழை, கெட்ட எண்ணம் இல்லை, குடும்பத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துச் சொன்னால் இளகுவார்கள் என்று ஃபிலிப்பாவுக்கு நம்பிக்கை. தலைவர்கூட போனில், "தெரியாம நடந்திருந்தா ஏதாவது பண்ணலாம், பாப்போம்," என்றாராம். புதன்கிழமை கூட்டம்.

அதுவரை மெரில் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. "நான்தான் சரியா படிக்காம போட்டுட்டேன்," என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என் முன்னாலேயே ஃபிலிப்பாவிடம் அப்படிச் சொன்னாள். நான் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அன்று வீட்டுக்குப் போய் எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. என்ன மனுஷன் நான்? ஒரு பொம்பிளை என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள், நான் துடைத்த ரம்பத்தையே துடைக்கிறேன்.

புதன்கிழமை காலை நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு குழு அறைக்குப் போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. உள்ளே ஐந்து பேர், ஒரு ஓரத்தில் மெரிலும் ஃபிலிப்பாவும். தலைவர் மருந்தியல்காரர், மென்மையாகப் பேசுகிற மனிதர். ஃபிலிப்பா பேசி முடித்திருந்தாள். நான் கையைத் தூக்கினேன்.

"நான் ஒண்ணு சொல்லணுங்க. தப்பு அவங்க மேல இல்ல, என் மேல."

"டாஸ், வேண்டாம்," என்றாள் மெரில், தணிந்த குரலில்.

வேண்டாம் என்றால் நிறுத்துகிற வாயா இது? "இல்ல மெரில், நான் சொல்லியே தீருவேன். ஐயா, அவங்க அந்தக் கேள்வியை நல்லாப் படிச்சுட்டுத்தான் எங்கிட்ட வந்தாங்க. நோலீன் பங்கேற்பாளரா இல்லையான்னு தெளிவாக் கேட்டாங்க. வழிகாட்டிகிட்ட கேக்கவான்னுகூடக் கேட்டாங்க. நான்தான் கேக்க வேணாம்னு தடுத்தேன். அவ்வளவு கவனமான மனுஷி இவங்க!"

தலைவர் பேனாவை எடுத்தார்.

"அப்ப இந்தக் கேள்வி அவங்களுக்குப் பொருந்துமோன்னு அவங்களுக்கே அப்போ சந்தேகம் இருந்தது. அப்படித்தானே?"

"ஆமாங்க, இருந்தது. அதனாலதானே..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபிலிப்பா கண்ணை மூடிக்கொண்டாள். தெரியாமல் நடந்த பிழை என்று அவள் கஷ்டப்பட்டுக் கட்டியதை, நான் நல்லவனாகப் போய் நின்று ஒரே நிமிடத்தில் தட்டிவிட்டேன். சந்தேகம் வந்தும் கேட்க வேண்டியவரைக் கேட்காமல் நடந்துகொண்டார் என்று ஆகிவிட்டது. நான் திருத்தப் பார்த்தேன். திருத்தத் திருத்த இன்னும் மோசமானது. போதும் என்று தலைவரே மரியாதையாகச் சொல்லி வெளியே அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. படங்களைக் காட்ட அனுமதி இல்லை. அனுமதியின்றி வரையப்பட்டவை என்பதால் மாணவி அவற்றையோ அவற்றின் நகல்களையோ தன்னிடம் வைத்துக்கொள்ளவும் கூடாது. உரியவரின் சார்பாக மகனிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டுரையிலும் அவற்றைக் குறிப்பிடக் கூடாது. மாணவி வேறு படைப்போடு தேர்வுக்குப் போகலாம்.

மெரில் பட்டறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"உன்னை யாருடா கூப்பிட்டா?"

"மெரில், என்னால தாங்க முடியல..."

"உன்னால தாங்க முடியல! அதுக்காக எங்கிட்ட இருந்ததையும் புடுங்கிக் கொடுத்துட்ட. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது உன்னைக் காப்பாத்தன்னா நெனச்ச? நோலீனுக்காகடா! ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ சுவத்துல இருக்கணும்னுதானே கேட்டேன்?"

ஏழு வருடத்தில் அவள் என்னை "டா" போட்டதில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவும் இல்லை.

ஷேன் ஒரு சனிக்கிழமை ரொட்டி வண்டியைக் கொண்டுவந்து படங்களை ஏற்றிக்கொண்டு போனான். மெரில் ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய தாள் வைத்து, ஒன்றாகச் சுருட்டி, பழைய விரிப்பொன்றில் சுற்றி, அவன் கையில் கொடுத்தாள். "கரி உதிரும், ஷேன். ரொம்ப அழுத்தாதே," என்று மட்டும் சொன்னாள். நான் மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

அக்டோபர் இரண்டாவது வாரம் நோலீனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. நான்கே நாளில் போய்விட்டாள்.

ஆல்டோனாவில் எரியூட்டு. கூட்டம் அதிகமில்லை, முப்பது பேர் இருப்பார்கள். கல்லூரியிலிருந்து ஃபிலிப்பாவும் நானும் போயிருந்தோம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது, திரை மூடியது, பெட்டி போனது. பக்கத்து அறையில் சாண்ட்விச்சும் டீயும் வைத்திருந்தார்கள். ஷேன் தன் மனைவி டோனியாவோடு நேராகச் சித்தியிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நான் டீ ஊற்றுகிற மேசையருகே நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

"சித்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நானும் டோனியாவும் அந்தப் படத்தையெல்லாம் சமையல்கட்டுத் தரையில ஒண்ணொண்ணா விரிச்சு விரிச்சுப் பாத்தோம். எங்கம்மாவை இப்படி யாரும் பாத்ததில்ல, சித்தி. நான் பாத்ததில்ல." பிடித்த கையை அவன் விடவில்லை. "அம்மாகூடவே வெச்சு அனுப்பிட்டேன். எல்லாத்தையும். அவங்க பக்கத்துலயே, கைக்கு அடியில. அது அம்மாவோடதுதானே?"

மெரிலின் கோப்பை சாசரில் ஒருமுறை தட்டியது. அவ்வளவுதான் சத்தம்.

நாற்பத்து மூன்றும். நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது அவை அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கின்றன. இதற்குள் எரிந்துபோயிருக்கும், அல்லது எரிந்துகொண்டிருக்கும். ஓடிப்போய் அந்தக் கதவைத் தட்டலாமா என்றுகூடத் தோன்றியது, சத்தியமாகச் சொல்கிறேன்.

மெரில் கோப்பையைக் கீழே வைத்தாள். ஷேனின் முகத்தைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நல்லது பண்ணினே, கண்ணு," என்றாள். "அம்மாவுக்குத் துணையா இருக்கும்."

அவன் அவள் தோளில் விழுந்து அழுதான். அவள் அழவில்லை, அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறு வாரம் ஃபிலிப்பா தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாளாம். இறந்தவர்களை நினைவிலிருந்து வரைய நெறிமுறை அனுமதி தேவையில்லை. தேர்வுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.

"அப்படின்னா அவ செத்தது எனக்கு வசதியாப் போச்சு," என்று மெரில் சொன்னதாக ஃபிலிப்பாவே கண்ணீரோடு என்னிடம் சொன்னாள்.

ஆனாலும் மெரில் வரைந்தாள். வேறென்ன செய்வாள்? ஒரு படம்கூட மிச்சமில்லை, புகைப்படங்களோ இருபது வயது நோலீனுடையவை. காலை எட்டு மணிக்குத் தடுப்பறைக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவாள். ஒன்றை வரைவாள், தேய்த்து அழிப்பாள், அதே தாளில் மறுபடி வரைவாள். மதியச் சாப்பாட்டுக்குத் தக்காளி ரொட்டி கொண்டுவருவாள், பாதியை அப்படியே திருப்பிக் கொண்டுபோவாள். நான் அவள் சுவருக்கு மூன்று கை வெள்ளை அடித்தேன், எல்லோருக்கும் இரண்டுதான். அவள் அதைக் கவனித்தாளா தெரியாது. கடைசியில் ஏழு படம் நின்றது.

தேர்வாளர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் புதியவர், முன்கதை எதுவும் தெரியாதவர். சொல்லவும் கூடாது. திறப்பு நாளன்று மெரில் வரவில்லை, தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். ஒயின் கிளாசோடு நின்றவர்கள் அந்த ஏழையும் பார்த்துவிட்டு அடுத்த சுவருக்குப் போனார்கள்.

டிசம்பர் முதல் வாரம், வெளியே முப்பத்தெட்டு டிகிரி வெயில், நான் பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மெரில் உள்ளே வந்தாள். பத்து வாரத்துக்குப் பிறகு. ஒரு தாளை என்னிடம் நீட்டினாள்.

"படி. சத்தமா."

தேர்வாளர் அறிக்கை. இரண்டாம் வகுப்பு, மேல்நிலை. மோசமான மதிப்பெண் ஒன்றுமில்லை. படித்தேன்.

"'கரியைக் கையாள்வதில் இவருக்கு அசாத்தியமான தன்னம்பிக்கை தெரிகிறது. எனினும் முகம் இன்னும் கைக்கு எட்டவில்லை. ஒரு பொதுவான முதுமையே தென்படுகிறது, ஒரு குறிப்பிட்ட மனிதர் தென்படவில்லை. வரையப்படுபவரோடு நேரில், நீண்ட காலம் இருந்து...'"

நிறுத்திவிட்டேன்.

"படி, டாஸ்."

"'...நீண்ட காலம் இருந்து கவனித்து வரையும் பொறுமையை இவர் வளர்த்துக்கொள்வது நல்லது.'"

எனக்குத் தலைக்கு ஏறியது. "என்ன திமிர்! யாருக்குப் பொறுமை இல்ல? எட்டு மாசம்! இரு, நான் இப்பவே போய் அந்த ஆளுகிட்ட..."

"நீ எங்கயும் போகாதே," என்றாள். "அவர் எழுதினது சரிதான். காது தப்பு. வாயோட இடது ஓரம் தப்பு. புருவத்துத் தழும்பு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு, குத்துமதிப்பாப் போட்டேன்." கறுப்பு ஏறிய தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டாள். "அதுகூடப் பரவாயில்ல, டாஸ். இப்பக் கண்ணை மூடினா நான் தப்பா வரைஞ்சதுதான் வருது. அவ வர மாட்டேங்குறா."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். "என்னை மன்னிச்சிடு, மெரில்," என்றேன்.

"மாட்டேன். இப்ப மாட்டேன். எப்பன்னும் தெரியாது." கோபமே இல்லாமல் சொன்னாள், ரயில் நேரம் சொல்வதுபோல. அறிக்கையை வாங்கி நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்க. ஷேன்கிட்ட இதையெல்லாம் போய்ச் சொல்லிடாதே. உனக்கு மனசு தாங்காது, எனக்குத் தெரியும், ஆனா சொல்லாதே. அம்மாவுக்கு நல்லது செஞ்சதா அவன் நெனச்சுக்கிட்டு இருக்கான். அவனாவது நிம்மதியாத் தூங்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். அவள் நாலேகாலுக்கு ரயில் என்று கிளம்பிப் போனாள்.